சனிக்கிழமை மாவு

ஜனவரி 6, சனி

ஐந்து மணிக்குக் கிரைண்டரைப் போட்டேன். ஆறு மணி வரை ஓடியது. இரண்டு போசி நிறைய மாவு. வாரத்துக்கு ஒருமுறை அரைத்து வைத்துவிட்டால் வேலைக்குப் போகிற நாட்களில் சௌகரியமாக இருக்கிறது.

எங்கள் கிரைண்டர் என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தது. இப்போது வருகிற மாதிரி மேடைமேல் வைக்கிற சின்னது இல்லை. ஓடினால் காம்பவுண்டில் இருக்கிற ஆறு வீட்டுக்கும் கேட்கும். மகள் சுபி அறைக்குள் இருந்தாள்.

இந்த டைரி என் கணவர் கம்பெனியில் கொடுத்தது. அட்டையில் பனியன் போட்ட ஒரு குழந்தை சிரிக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

மூன்று பேருக்கு இரண்டு போசி மாவு அதிகம். ஒன்றைக் கோகிலாவுக்குக் கொடுத்தேன். அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். என்னைவிடச் சின்னவள், வாய் ஓயாது.

"ஏனுங்கக்கா, வாரம் தவறாம மாவு தானம் பண்றீங்க. இட்லிக் கடை போடற ஐடியா இருந்தா சொல்லிப்போடுங்க, நான் சட்னிக்கு வந்தர்றேன்."

சிரித்தேன்.

"சுபிக்கு இந்தி கிளாசு எப்புடிப் போகுதுங்?"

"போகுது கோகிலா" என்றேன்.

அதை எழுதிவிடுகிறேன். சுபி பி.காம். இரண்டாம் ஆண்டு. அக்டோபரில் ஒருநாள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் மூச்சடைத்து, நெஞ்சு படபடத்து, பாதி வழியில் இறங்கிவிட்டாள். மறுநாளும் அப்படியே. பிறகு பஸ் நிறுத்தத்துக்கே போகவில்லை. ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. டாக்டர் மனநல மருத்துவர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவருடைய ஆஸ்பத்திரி நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயர்ப்பலகை பெரியது. அந்த வாசலில் சுபியோடு நான் நுழைவதை யாராவது பார்த்தால் என்று நினைத்தேன். சீட்டு என் கைப்பையிலேயே கிடந்து கசங்கியது.

சுபியே தேடிக் கண்டுபிடித்தாள். மதுரையில் இருக்கிற பிலோமினா மேடம், மாணவர்களோடு வீடியோவில் பேசுகிற ஆலோசகர். சனிக்கிழமை மாலை ஐந்து மணி. "எங்கயும் போக வேண்டியதில்லம்மா, வீட்டுலயே உக்காந்து பேசலாம்" என்றாள். எங்கும் போக வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரமே கோகிலா குழாயடியில் கேட்டாள், சுபி இவ்வளவு நேரம் யாரோடு பேசுகிறாள் என்று. ஆன்லைனில் இந்தி கிளாஸ் என்றேன். ஏன் இந்தி என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்தது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்துதான் மாவு.

ஜனவரி 13, சனி

நாளை போகி. வீடு ஒட்டடை அடித்தேன். ஐந்து மணிக்குக் கிரைண்டர்.

சுபி ஆறு மணிக்கு வெளியே வந்து, "அம்மா, மேடம் கேக்கறாங்க, உங்கூட்டுக்குப் பக்கத்துல மாவு மில்லு இருக்குதான்னு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. பொங்கலுக்குப் புதுத்துணி எடுக்க டவுனுக்குப் பஸ்ஸில் வருவதாகவும் சொன்னாள்.

ஜனவரி 14, ஞாயிறு

பஸ்ஸில் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டேதான். கம்பிமேல் இருந்த இன்னொரு கை வெளுத்துப் போயிருந்தது. ஆனால் இறங்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். காலையில் உப்புத்தண்ணிக் குழாயில் கோகிலாவின் மகள் தர்ஷினி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், ஒடிசலான பெண். நிமிர்ந்தபோது பார்த்தேன். அவளுக்குப் புருவம் இல்லை. கறுப்பு மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. என்னைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயப்பட்டறை லேபில் என் வேலை நிறம் பார்ப்பது. வாடிக்கையாளர் அனுப்பிய துண்டோடு நாங்கள் சாயம் போட்ட துணி ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் புருவம் அவள் தலைமுடியைவிடக் கறுப்பு என்று தீபாவளியிலிருந்தே கண்ணில் பட்டிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அலங்காரம் என்று விட்டிருந்தேன்.

மத்தியானம் கோகிலா பொங்கல் கொண்டுவந்தாள். அவளே சொன்னாள்.

"புத்தகத்தத் தொறந்தா கை தானா அங்க போயிருதுங்கக்கா. ஒவ்வொண்ணாப் புடுங்கறா. வஞ்சும் பாத்தாச்சு, கையில ஒண்ணு போட்டும் பாத்தாச்சு. காத்தால நான்தான் பென்சில்ல வரைஞ்சு ஸ்கூலுக்கு அனுப்பறேன். ஒரு நாளைக்கு ரெண்டும் ஒரே மாதிரி வருது, ஒரு நாளைக்கு ஒண்ணு மேல போயிருது. அன்னைக்கெல்லாம் பாத்தா என்னமோ கேள்வி கேக்கற மாதிரியே இருக்கறா."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பரீட்சை பயமா இருக்கும். சரியாயிரும்" என்றேன்.

ஜனவரி 20, சனி

கிரைண்டரைப் போட்டுக் கால்மணி ஆகியிருக்கும். கோகிலா வாசலில் நின்று கூப்பிட்டாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்த மனமில்லாமல் நானே வெளியே போனேன்.

"சுபி மொகமே தெளிஞ்சு போச்சுங்கக்கா. பஸ்ல கூடப் போறாளாமா. எல்லாம் அந்தக் கிளாசுல சேந்ததுக்கப்புறந்தான், நான் பாத்துட்டேதான இருக்கறேன். அந்த டீச்சர் நல்லாப் பேசறவங்களாட்ட இருக்குது."

"ம்."

"எங்கூட்டுத் தர்ஷினியையும் சேத்திவுடுங்கக்கா. இந்தி வருதோ இல்லையோ, ஒரு மனுசிகிட்ட மனசுவுட்டுப் பேசுனாப் போதும். எங்கிட்டப் பேசமாட்டேங்கறா. நம்பர் மட்டும் குடுங்க."

அவள் கையில் போன் தயாராக இருந்தது. எனக்குப் பின்னால் கல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேட்ச் நெறஞ்சிருச்சாமா கோகிலா."

"அதுக்கென்னங்க. அடுத்த பேட்ச்சு எடுத்தாங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாவு வேண்டுமா என்று கேட்டேன். போசி எடுத்து வருகிறேன் என்று போனாள்.

ஜனவரி 21, ஞாயிறு

தலைவலி. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் தண்ணீர்க் கேன் வண்டி வந்தது. போடுகிறவர் பீகார்க்காரர், நாற்பது வயது இருக்கும். சுபி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். கோகிலா அவளைக் கூப்பிட்டாள்.

"சுபி, இங்க வா கண்ணு. இந்த அண்ணனுக்கு இந்தியில ஒரு போடு போடு. நேத்துக் குடுத்த கேன் ஒழுகுதுன்னு சொல்லு."

"இந்தியா? எனக்கெங்க ஆன்ட்டி இந்தி தெரியும்?"

"அட, மூணு மாசமாப் படிக்கறே, இதுகூடச் சொல்லித்தரலியா உங்க டீச்சரு? வெக்கப்படாத, சொல்லு."

சுபி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சட்டையை உதறினேன். மறுபடியும் உதறினேன்.

அதற்குள் அந்த மனிதரே, "அக்கா, எனக்குத் தமிழ் தெரியும்க்கா. ஆறு வருசமா இங்கதான இருக்கறேன். ஒழுகற கேனை எடுத்துட்டு வாங்க, மாத்தித் தந்தர்றேன்" என்றார். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுபியும் சிரித்தாள்.

"இன்னும் எழுத்துதான் ஆன்ட்டி நடத்தறாங்க. பேச்சுக்கு வரல" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். நான் கடைசித் துணியையும் காயப்போட்டு, கிளிப் மாட்டி, வாளியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் போனேன்.

"இந்தியாம்மா?"

"கேட்டாங்க. சட்டுனு வாயில வந்துருச்சு."

"வேற யாருகிட்டச் சொன்னே?"

"யாருகிட்டயும் இல்ல" என்றேன். அண்ணன் வீட்டில் சொல்லியிருந்தேன். லேபிலும்.

அவள் கொஞ்ச நேரம் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கிரைண்டர்?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்தேன்.

"நான் பேசறது யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு எனக்காகப் போடறேன்னு நெனச்சுட்டு இருந்தேம்மா. மேடம்கிட்டக்கூடப் பெருமையாச் சொன்னேன், எங்கம்மா எனக்காக வாராவாரம் மாவாட்டறாங்கன்னு."

"உனக்காகத்தான் கண்ணு."

"அந்தச் சத்தத்துல நான் பேசறது மேடத்துக்கே கேக்காது. டைப் பண்ணித்தான் சொல்லுவேன். அவங்க மொகத்தப் பாத்துட்டே டைப் பண்ணுவேன். அழுகை வந்தாலும் டைப்தான். நீ கஷ்டப்பட்டு எனக்காக ஆட்டறேன்னுதான் உங்கிட்டச் சொல்லல."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு.

பிப்ரவரி 3, சனி

ஐந்து மணிக்கு சுபி அறைக்குள் போகவில்லை. போனை என் முன்னால் அணைத்து அலமாரியில் வைத்தாள். "கிளாஸ் லீவு" என்றாள்.

அரிசி ஊறப்போட்டிருந்தேன். வடித்துக் காயவைத்தேன்.

பிப்ரவரி 7, புதன்

பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். மேடத்திடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "என்னன்னு பேசுவே? இந்தியிலயா?" என்றாள். இதற்கு நான் கோபப்பட்டிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்த மாதிரி நின்றாள்.

பிப்ரவரி 10, சனி

இன்றும் சுபி மேடத்தோடு பேசவில்லை. அவர் வேலை முடிந்து வந்து, "என்ன, ரெண்டு வாரமா வீடு அமைதியா இருக்குது" என்றார். சொன்னேன். "போச்சாது வுடு. அதெல்லாம் தானாச் சரியாயிரும். நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இதெல்லாம் வெளிய தெரியாம இருக்கறதே நல்லது" என்றார்.

கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். இருந்தது, அவ்வளவுதான். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்திருக்கிறேன். லேபில் புதிதாக வரும் பெண்களிடம், எது வந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லுகிறவள் நான்.

பிப்ரவரி 14, புதன்

கோகிலாவிடம் உண்மையைச் சொல்லி நம்பரைக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்து போனேன். தர்ஷினி தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இடது கை நெற்றியில் இருந்தது. கோகிலா வாங்கக்கா என்றாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். கறிவேப்பிலை என்றேன். கொடுத்தாள். வந்துவிட்டேன்.

இது சுபியின் விஷயம், அவளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று வரும்போது நினைத்துக்கொண்டேன். ரொம்ப நியாயமான காரணம். இந்தி கிளாஸ் என்று சொன்னபோதும் அவளைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது காம்பவுண்டில் கூட்டம். எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கடைசியில் இருக்கிற குளியலறைக் கதவைக் கோகிலா தட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவத் தொற சாமி. அம்மா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். தொற தங்கம்."

திருப்புதல் தேர்வு நடக்கிறது. பரீட்சை எழுதும்போது வியர்வையில் மை அழிந்திருக்கிறது. தெரியாமல் தர்ஷினி கையால் துடைத்து நெற்றி முழுக்கத் தீற்றிவிட்டாள். யாரோ சிரித்திருக்கிறார்கள், பிறகு வரிசையாக எல்லோரும். பாதியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோகிலா பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். பதிலே இல்லை. வீட்டுக்காரம்மா, "கதவ ஒடைச்சுப்போடலாமா?" என்று ஆள் கூப்பிடப் போனார்.

சுபி எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. கோகிலாவின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, ஈரத் தரையில் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"தர்ஷினி, சுபிக்கா பேசறேன். நீ தொறக்க வேண்டாம், உள்ளயே இரு. தண்ணிய மட்டும் நிறுத்து. நான் ஒண்ணு சொல்லோணும்."

தண்ணீர் நின்றது.

"சனிக்கிழமை நான் படிச்சது இந்தி இல்ல."

எனக்கு உடனே என்ன தோன்றியது என்று எழுதுகிறேன். உள்ளே ஓடிப்போய்க் கிரைண்டரைப் போட வேண்டும் என்று தோன்றியது. ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை என்ன செய்கிறதோ என்று ஊரே பதறி நிற்கும்போது எனக்கு அதுதான் தோன்றியது. கால்கூட ஒரு அடி திரும்பிவிட்டது.

"எனக்கு பஸ்ல ஏறுனா மூச்சு நின்னுரும்னு பயம். செத்துருவேன்னே தோணும். அதுக்காக ஒரு மேடம்கிட்ட வீடியோவுல பேசிட்டு இருந்தேன். பயம் மொத்தமாப் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒருநாள் ஏறுனேன். டவுன் வரைக்கும் போனேன்."

ஆறு வீட்டு ஆட்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கையில் வாளி, கரண்டி, குழந்தை. சுபி யாரையும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து மெல்லக் கேட்டது. "வைவாங்களா, அவங்க?"

"யாரு, மேடமா? வையமாட்டாங்க. மொத வாரம் பாதி நேரம் நான் ஒண்ணுமே பேசல, அழுதுட்டே இருந்தேன். அவங்களும் சும்மாதான் இருந்தாங்க."

"புருவத்தப் பாத்துச் சிரிப்பாங்க."

"கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் பேசலாம். நான் கூட உக்காந்துக்கறேன், வேணுங்கற வரைக்கும்."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. தர்ஷினி முழுக்க நனைந்திருந்தாள். முகம் கழுவிக் கழுவிச் சிவந்திருந்தது. கோகிலா அவளைத் துண்டில் சுற்றி அணைத்துக் கூட்டிப் போனாள். என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"அக்கா, நான் நம்பர் கேட்டேனுங்களே."

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 21, புதன்

குழாயடியில் கோகிலா பேசவில்லை. கடைசி வீட்டு அம்மா என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். வீட்டுக்காரம்மா மட்டும், "சுபிக்கு இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டார், காய்ச்சலுக்குக் கேட்கிற மாதிரி. நான் இத்தனை மாதம் பயந்தது இவ்வளவுக்குத்தான். இவ்வளவாவது நடக்கத்தான் செய்தது என்றும் சொல்லலாம்.

பிப்ரவரி 24, சனி

ஐந்து மணிக்கு சுபி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கிரைண்டர் பக்கம் போகவில்லை.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது. அவள் குரல் வந்தது. டைப் செய்யவில்லை, பேசினாள். நான் வெளியே போயிருக்க வேண்டும். "எங்கம்மாவுக்கு" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் நான் போகவில்லை. கதவோரம் நின்று கேட்டேன்.

கேட்டதை இங்கே எழுத மாட்டேன். அது எனக்குச் சொல்லப்பட்டது இல்லை.

இரவு சாப்பிடும்போது, "கேட்டுட்டு நின்னேன் சுபி" என்றேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "தெரியும். கதவுக்கடியில நெழல் தெரிஞ்சுது" என்றாள். இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். கடையில் வாங்கிய மாவு. புளிப்பு அதிகம்.

பிப்ரவரி 28, புதன்

வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கோகிலா வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

புதன்கிழமை யாரும் மாவு ஆட்டுவதில்லை. அதுவும் கோகிலா, மாவு அரைத்து நான் பார்த்ததே இல்லை. சுபியைக் கேட்டேன். "தர்ஷினிக்கு இன்னைக்குத்தான் மொத நாள். தனியாவே பேசிக்கறேன்னு சொல்லிட்டா" என்றாள். சொன்னவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் போனேன். கோகிலா என்னிடம் பேசி ஒரு வாரம் ஆகிறது, வாசலில் நின்று கூப்பிடவும் கூச்சமாக இருந்தது. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. நேராகச் சமையலறைக்குப் போனேன். கிரைண்டர் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கிரைண்டருக்குள் அரிசி இல்லை, உளுந்தும் இல்லை. கொஞ்சம் தண்ணீரில் வெறும் கல் சுற்றிக்கொண்டிருந்தது.

"கடைசி வீட்டுக்காரிக்குக் கேக்கக்கூடாதுன்னுதானுங்க" என்றாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நிறுத்திரு கோகிலா. அவ பேசறது மேடத்துக்கே கேக்காது."

அவள் சுவிட்சைப் பார்த்தாள். கை போகவில்லை. நான் எட்டி அணைத்தேன். கல் இரண்டு சுற்று சுற்றி நின்றது.

"சுபி பேசுனதும் கேக்கலீங்களா?"

"கேக்கல. மூணு மாசமா."

கோகிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தலையைக் குனியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் தொடங்கியது, மெலிதாக, தடுமாறித் தடுமாறி. கோகிலாவின் காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வார்த்தை பிடிபடுவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது. வாசலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, குரல் இருக்கிறது என்று தெரியும், என்ன சொல்கிறது என்று தெரியாது என்கிற தூரம் வரை நடந்தோம். கேட் பக்கத்தில் நின்றுகொண்டோம்.

கடைசி வீட்டு அம்மா குடத்தோடு வந்து, "என்ன ரெண்டு பேரும் இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார்.

கோகிலா என்னைப் பார்த்தாள்.

"உள்ள பாப்பா பேசிட்டு இருக்கறா. முடியட்டும்னு நிக்கறோம்" என்றேன்.